ஒரே விடைத்தாள், 142 தீர்ப்புகள்

பரீட்சை முடிவு வெளியாகிறது. ஆங்கிலத்தில் ஒரு மாணவர் 74 வாங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் 78. "நான்கு மதிப்பெண் கூடுதல், அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. கடையில் நிறுத்து வாங்கிய பருப்பின் எடையைப் போல அந்த எண்ணை நாம் நம்பிவிடுகிறோம். தராசு ஒன்றே என்றால் நம்பலாம். ஆனால் அந்த இரண்டு விடைத்தாள்களையும் திருத்தியவர் ஒருவரேதானா? ஒருவரே என்றாலும், காலையில் திருத்திய தாளையும் இரவு பத்து மணிக்குக் கண் எரியத் திருத்திய தாளையும் அவர் ஒரே மாதிரி எடை போட்டிருப்பாரா?

இந்தக் கேள்வியைக் கேட்டதோடு நிற்காமல், பரிசோதனை செய்தே பார்த்துவிட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்னும் இருவர் 1912ஆம் ஆண்டில் அந்தப் பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது மிக எளிய வேலை. ஓர் உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டு மாணவர் இருவர் எழுதிய ஆங்கிலத் தேர்வு விடைத்தாள்களை எடுத்துக்கொண்டார்கள். மாணவரின் கையெழுத்து, அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே தெரியும்படி நகல்கள் அச்சிட்டார்கள். அவற்றை 200 உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பி, அங்குள்ள ஆங்கில ஆசிரியர் தம் வழக்கப்படி நூற்றுக்கு மதிப்பெண் இட்டுத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொண்டார்கள். கணக்கில் எடுத்துக்கொள்ளத் தக்கவையாக 142 பள்ளிகளிலிருந்து மதிப்பெண்கள் வந்து சேர்ந்தன.

ஒரே தாள், ஒரே வினாக்கள், ஒரே விடைகள். திருத்தியவர்கள் எல்லாரும் அந்தப் பாடத்தை அன்றாடம் கற்பிப்பவர்கள். முதல் தாளுக்கு வந்த மதிப்பெண்களில் மிகக் குறைந்தது 64, மிக உயர்ந்தது 98. இரண்டாம் தாளுக்குக் குறைந்தது 50, உயர்ந்தது 97. அந்நாளில் பல அமெரிக்கப் பள்ளிகளில் 70 அல்லது 75 எடுத்தால்தான் தேர்ச்சி. ஆகவே அதே மாணவர், அதே விடைகளுக்காக, ஓர் ஊரில் தோற்றிருப்பார். இன்னோர் ஊரில் வகுப்பின் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்!

"ஆங்கிலக் கட்டுரைக்கு அப்படித்தான் இருக்கும், அது ரசனையைப் பொறுத்தது, கணக்கு என்றால் இப்படி நடக்காது" என்று உடனே மறுப்பு எழுந்தது. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அடுத்த ஆண்டே அவர்கள் ஒரு வடிவகணித விடைத்தாளை அதே வழியில் அனுப்பினார்கள். அதற்கு வந்த மதிப்பெண்கள் முப்பதுக்குக் கீழே தொடங்கித் தொண்ணூறுக்கு மேல் வரை போயின. ஆங்கிலத்தை விஞ்சிவிட்டது வடிவகணிதம்! ஒருவர் வழிமுறைக்கு மதிப்பெண் தந்தார். ஒருவர் கடைசி விடையை மட்டும் பார்த்தார். வேறொருவர் தாள் அலங்கோலமாக இருந்ததற்காகக் குறைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது.

இந்த வேறுபாட்டின் காரணங்களை ஸ்டார்ச் பிரித்துப் பார்த்தார். பள்ளிக்குப் பள்ளி தரம் மாறுகிறது. ஆசிரியருக்கு ஆசிரியர் கண்டிப்பு மாறுகிறது. கருத்துக்கு எவ்வளவு, எழுத்துப்பிழைக்கு எவ்வளவு என்னும் பங்கீடு மாறுகிறது. இவை நாமே ஊகிக்கக் கூடியவை. நான்காவதாக அவர் சொன்னதுதான் கவனிக்கத் தக்கது. நெருங்கிய இரண்டு தரங்களுக்கு இடையே உள்ள வேற்றுமையை மனிதரால் பிரித்தறியவே முடிவதில்லை என்றார் அவர். 74க்கும் 76க்கும் உள்ள வேற்றுமை மதிப்பெண் பட்டியலில் இருக்கிறதே ஒழிய, திருத்துபவரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சில ஆசிரியர்களிடம் அவர்கள் முன்பு திருத்திய தாள்களையே, பழைய மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, மறுபடியும் திருத்தச் சொன்னபோது அவர்கள் தங்களோடு தாங்களே மாறுபட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்த முதல் மனிதர் ஸ்டார்ச் அல்லர். அவருக்கு 24 ஆண்டுகளுக்கு முன், 1888இல், எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர் தேர்வுகளின் புள்ளியியல் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். லத்தீன் உரைநடைப் பயிற்சி ஒன்றை அவர் 28 தேர்ந்த தேர்வாளர்களிடம் காட்டிப் பெற்ற மதிப்பெண்கள் 45 முதல் 100 வரை விரிந்திருந்தன. இதைக் கண்டு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவர் சிந்தனை வேறு திசையில் சென்றது. ஏன் என்று புரிய, நாம் சற்றே வானியல் பக்கம் போக வேண்டும்.

1796இல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக் கூடத்தில் கின்னிபுரூக் என்னும் உதவியாளர் வேலையை இழந்தார். தொலைநோக்கியில் உள்ள கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அவர் பணி. அவர் குறித்த நேரம் தலைமை வானியலாளர் மாஸ்கலின் குறித்ததைவிட ஏறக்குறைய 0.8 விநாடி பிந்தி இருந்தது. கவனக்குறைவு என்று சொல்லி அவரை நீக்கிவிட்டார்கள். பின்னர் பெசல் என்னும் ஜெர்மானிய வானியலாளர் ஆராய்ந்தபோது, எந்த இரண்டு பேர் பார்த்தாலும் இப்படி ஒரு வேற்றுமை இருக்கவே செய்கிறது என்று தெரிந்தது. கின்னிபுரூக் கவனக்குறைவானவர் அல்லர். அவர் வேறொரு மனிதர், அவ்வளவுதான். அன்று முதல் வானியலாளர்கள் பல பார்வைகளின் சராசரியை எடுத்துக்கொண்டு, பிழை எவ்வளவு இருக்கும் என்றும் கணக்கிட்டுக் கூறலானார்கள்.

எட்ஜ்வொர்த் இந்தப் பிழைக் கணக்கையே தேர்வுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். மாணவரின் திறமையை விண்மீனாகவும், திருத்துபவரைத் தொலைநோக்கியின் அருகே உட்கார்ந்திருப்பவராகவும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் இடும் மதிப்பெண் ஒரு தடவை பார்த்த பார்வை மட்டுமே. ஒருவரின் பிழை சராசரியாகப் பத்து மதிப்பெண் என்றால், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் நான்கு பேர் திருத்தினால் அவர்கள் சராசரியின் பிழை ஐந்தாகக் குறையும்; இருபத்தைந்து பேர் திருத்தினால் இரண்டாகும். ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். கணக்கு எளிது, செலவுதான் பெரிது. ஒரு தாளுக்கு ஓர் ஆசிரியரைத் தேடுவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் நான்கு பேருக்கு எங்கே போவது?

இவ்வளவு தொல்லை இருக்கையில், எழுதும் தேர்வை ஏன் வைத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முன்பு இருந்தது வாய்மொழித் தேர்வு. ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். ஒருவருக்கு எளிய கேள்வி, அடுத்தவருக்குக் கடினமான கேள்வி என்று விழும். 1845இல் பாஸ்டன் நகரில் ஹொரேஸ் மான் என்னும் கல்வித் தலைவரின் தூண்டுதலால் இது மாறியது. இலக்கணம், சொற்பொருள், வரலாறு முதலிய பாடங்களில் அச்சிட்ட ஒரே வினாத்தாளை ஏறக்குறைய 530 மாணவர்களுக்குக் கொடுத்து, ஒரே நேர அளவில் எழுதச் செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி என்னும் நியாயம் அன்று நிலைபெற்றது. எல்லாரையும் ஒரே கண் பார்க்க வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கட்டுரை எழுதும் வழக்கத்தைப் பரப்பியது ஹார்வர்டு பல்கலைக்கழகம். 1874 முதல் அங்குச் சேர விரும்புவோர் ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதிக் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். கட்டுரைப் பொருள், குறிப்பிட்ட சில நூல்களிலிருந்து வரும். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்', கோல்ட்ஸ்மித்தின் 'வேக்ஃபீல்டு பாதிரியார்', ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. படித்தல், இலக்கணம், எழுத்து, இலக்கியம் நான்கையும் ஒரே கட்டுரையில் சோதித்துவிடலாம் என்பது ஏற்பாடு. தொடக்க ஆண்டுகளில் எழுதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தேறவில்லை.

தேர்வுப் பட்டியலில் எது இருக்கிறதோ அதைத்தான் பள்ளிகள் கற்பிக்கும். இது எந்த நாட்டுக்கும் பொது. ஹார்வர்டின் பட்டியலையும், பிறகு கல்லூரிகள் கூடி வகுத்த பொதுப் பட்டியலையும் ஒட்டியே அமெரிக்கச் சிறுவர்கள் ஆங்கில இலக்கியம் படிக்கலானார்கள். கல்லூரிக்குப் போகும் எண்ணமே இல்லாத விவசாயிகளின் பிள்ளைகளும் அதே நூல்களையே படித்தார்கள். இதை எதிர்த்துக் குரல் எழுப்பிய ஆசிரியர்களே 1911இல் ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றத்தை நிறுவினார்கள். அடுத்த ஆண்டுதான் ஸ்டார்ச், எலியட் ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. பட்டியலின் மீது இருந்த கோபத்தோடு மதிப்பெண்ணின் மீது அவநம்பிக்கையும் சேர்ந்துகொண்டது.

பரிகாரம் தேடியவர்கள் இரு வழிகளில் பிரிந்தார்கள். ஒரு வழி, திருத்துபவரின் கையில் ஓர் அளவுகோலைக் கொடுப்பது. அதே 1912இல் மைலோ ஹில்லிகாஸ் என்பவர் மாணவர் கட்டுரைகளுக்கு ஓர் அளவுகோல் செய்தார். பல கட்டுரைகளைப் பலரிடம் காட்டி, எது எதைவிடச் சிறந்தது என்று கேட்டு, பத்து மாதிரிக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தார். மிக மோசமானதன் மதிப்பு சுழி. மிகச் சிறந்ததன் மதிப்பு 937. ஆசிரியர் தம் மாணவரின் கட்டுரையை இந்தப் பத்தின் பக்கத்தில் வைத்து, எதற்கு அருகில் வருகிறது என்று பார்க்க வேண்டும். துணிக்கடையில் சாயத் துண்டுகளை வைத்து நிறம் ஒப்பிடுவதைப் போன்றது இது. நல்ல யோசனைதான். ஆயினும் கருத்து நிறைந்து இலக்கணம் தடுமாறும் கட்டுரையையும், இலக்கணம் சுத்தமாக இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கட்டுரையையும் ஒரே கோலின் மீது எங்கே வைப்பது?

மற்றொரு வழி, திருத்துபவரின் தீர்ப்பையே நீக்கிவிடுவது. கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா நகரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய ஃபிரெடரிக் கெல்லி, ஆசிரியர் இடும் மதிப்பெண்களின் ஏற்றத்தாழ்வைப் பற்றியே ஆய்வுரை எழுதியவர். 1915 வாக்கில் அவர் மௌன வாசிப்புத் தேர்வு ஒன்றை வெளியிட்டார். நேரம் ஐந்து நிமிடம். அதில் வரும் மாதிரி வினா இது: பசு, புலி, எலி, ஓநாய் என்னும் நான்கு பெயர்களில், பண்ணைக்குப் பயன்படும் விலங்கின் பெயரைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். பசுவைச் சுற்றிக் கோடு வரைந்தால் சரி. சொல்லின் அடியில் கோடு போட்டால்கூடத் தவறு, மதிப்பெண் இல்லை என்று தேர்வுத்தாளே எச்சரித்தது! இன்று உலகெங்கும் மாணவர்கள் சரியான விடையைத் தெரிவு செய்து வட்டமிடும் பழக்கத்தின் மூதாதை இந்தப் பசுதான்.

இந்தத் தேர்வை யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண்தான் வரும். அப்படியானால் மனிதரே திருத்த வேண்டும் என்பதும் இல்லையே! மிச்சிகன் மாநிலத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்த ரெனால்டு ஜான்சன் அடுத்த அடியை எடுத்து வைத்தார். பென்சிலின் கரியாகிய கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். சிறுவயதில் ஜான்சன் மோட்டார் வண்டிகளின் ஸ்பார்க் பிளக் மீது பென்சிலால் கோடு கிழித்துவிடுவாராம். மின்சாரம் கோட்டின் வழியே ஓடிவிட, வண்டி கிளம்பாது. அந்தக் குறும்பின் தத்துவத்தைக் கொண்டே, விடைத்தாளின் பென்சில் குறிகளை மின்சாரத்தால் உணர்ந்து எண்ணும் இயந்திரத்தை அமைத்தார். ஐ.பி.எம். நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு, 1930களின் பிற்பகுதியில் 805 என்னும் எண்ணோடு அந்த இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணிப்பொறியின் வட்டுச் சேமிப்பகத்தை உருவாக்கிய குழுவுக்குப் பின்னாளில் தலைமை தாங்கியவரும் இவரே.

இதே காலத்தில் அட்லாண்டிக் கடலின் மறு கரையிலும் கட்டுரை வகைத் தேர்வுக்குப் பலத்த அடி விழுந்தது. அடித்தவர் இந்தியக் கல்வி வரலாற்றில் இடம்பெற்ற ஒருவர். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்து, 1929இல் இந்தியக் கல்வி பற்றிய குழுவின் அறிக்கையைத் தந்தவரான சர் பிலிப் ஹார்ட்டாக்கும், ரோட்ஸ் என்பவரும் 1935இல் தேர்வுகளையே தேர்வுக்கு உட்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த சோதனைகளுள் ஒன்று வரலாற்றுப் பாடத்தில் நடந்தது. பள்ளிச் சான்றிதழ்த் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்ற 15 விடைத்தாள்களை 15 தேர்வாளர்களிடம் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து, அவர்களில் 14 பேரிடம் அதே தாள்கள் மீண்டும் கொடுக்கப்பட்டன. மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92இல், தோல்வி, தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என்னும் முடிவே மாறிவிட்டது. மாணவரின் தாளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் 1901 முதல் கட்டுரை வகைத் தேர்வுகளை நடத்தி வந்தது. 1926இல் விடை தெரிவு செய்யும் தேர்வையும் தொடங்கியது. இரண்டும் பக்கத்துப் பக்கமாக நடந்தன. போர் வந்தது. திருத்த ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டுவதற்கோ, முடிவுக்காகக் காத்திருப்பதற்கோ நேரமில்லை. 1942இல் கட்டுரைத் தேர்வுகள் நின்றுபோயின. அதற்குப்பின் ஆங்கிலத்தை எப்படிச் சோதித்தார்கள்? பிழையுள்ள வாக்கியத்தைக் கொடுத்து, பிழை எங்கே என்று காட்டச் சொன்னார்கள். ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாக எழுதாமலே ஒருவர் ஆங்கிலத்தில் சிறந்தவர் என்று பெயர் வாங்க வழி பிறந்தது. ஆசிரியர்கள் கொதித்தார்கள். 1960இல் வாரியம் ஒரு விந்தையான சமரசம் செய்தது. மாணவர் ஒரு மணி நேரம் கட்டுரை எழுதுவார். வாரியம் அதைத் திருத்தாது. நகலெடுத்து, கல்லூரிகளே படித்துக்கொள்ளட்டும் என்று அனுப்பிவிடும்! எழுதத் தெரிகிறதா என்று பார்க்கவும் வேண்டும், மதிப்பெண் போடும் பழியும் வேண்டாம் என்னும் இந்த ஏற்பாடு சில ஆண்டுகளே ஓடியது.

மதிப்பெண் ஏன் இப்படிச் சிதறுகிறது என்பதை மீண்டும் ஆழமாகப் பார்த்தவர் பால் டீடரிக். இவரும் இவருடைய தோழர்கள் இருவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு வேடிக்கையானது. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேர் படித்து, தரவாரியாக ஒன்பது அடுக்குகளாகப் பிரித்தார்கள். படித்தவர்களுள் ஆங்கிலப் பேராசிரியர்கள் மட்டுமல்லாமல் இயற்கை அறிவியலாளர், எழுத்தாளர், வழக்கறிஞர், வணிக நிர்வாகி எல்லாரும் இருந்தார்கள். எப்படிப் பிரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு வேண்டுமென்றே சொல்லவில்லை. முடிவு: 101 கட்டுரைகள் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரங்களையும் பெற்றன. ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு தரங்களோடு தப்பித்த கட்டுரை ஒன்றுகூட இல்லை.

குழப்பத்தைக் காட்டியதோடு அவர்கள் நின்றிருந்தால் அது பழைய கதைதான். யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று கணித முறையால் பிரித்தபோது, படித்தவர்கள் ஐந்து கூட்டங்களாகத் திரண்டார்கள். ஒரு கூட்டம் கருத்தைப் பார்த்தது, ஒன்று இலக்கணத்தையும் எழுத்துப்பிழையையும் பார்த்தது, ஒன்று கட்டுக்கோப்பை, ஒன்று சொல்லாட்சியை, ஒன்று எழுதியவரின் தனித்தன்மையை. அதாவது அவர்கள் தாறுமாறாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஐந்து வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டார்ச் ஒரே தராசின் நடுக்கமாகக் கண்டதில் பாதி, உண்மையில் ஐந்து வேறு தராசுகள்.

இதற்குப்பின் 1966இல் வெளிவந்த காட்ஷாக், ஸ்வைன்ஃபோர்டு, காஃப்மன் மூவரின் ஆய்வைத்தான் இந்த வரலாற்றின் மிக நேர்மையான பகுதி என்று நான் கருதுகிறேன். 646 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆளுக்கு ஐந்து தலைப்புகளில் எழுதினார்கள். ஒவ்வொரு கட்டுரையையும் ஐந்து பேர், ஒருவர் இட்டதை மற்றவர் அறியாமல், விரைவாகப் படித்து மதிப்பிட்டார்கள். ஆக ஒரு மாணவரை 25 பார்வைகள் அளந்தன. எட்ஜ்வொர்த்தின் வர்க்கமூலம் ஒருவழியாகச் செயலுக்கு வந்தது! சிதறல் அடங்கி, மாணவரின் எழுதும் திறமைக்கு நம்பத்தக்க ஓர் அளவு கிடைத்தது. ஒரே தலைப்பில் ஒரே கட்டுரை எழுதச் சொல்வதும் ஒரு குறை என்று இதில் தெளிந்தது. ஒரு தலைப்பில் சிறப்பாக எழுதியவர் மற்றொன்றில் தடுமாறுவது சாதாரணம்.

இந்த அளவை வைத்துக்கொண்டு விடை தெரிவு செய்யும் வினாக்களைச் சோதித்தபோது, இரு தரப்பாருக்கும் அதிர்ச்சி காத்திருந்தது. பிழை காணும் வினாக்களில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களே பெரும்பாலும் நன்றாக எழுதியவர்களாகவும் இருந்தார்கள். ஆகவே அந்த வினாக்கள் பயனற்றவை என்ற ஆசிரியர்களின் வாதம் நிற்கவில்லை. ஆனால் அவற்றோடு இருபது நிமிடக் கட்டுரை ஒன்றையும் பலர் படித்துச் சேர்த்தபோதுதான் கணிப்பு மிகச் சரியாக அமைந்தது. ஆகவே கட்டுரை வீண் என்ற எதிர்வாதமும் நிற்கவில்லை. இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல்மானி காய்ச்சலைச் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக, அதன் பாதரசத்தைக் குளிர்நீரில் இறக்கினால் நோய் குணமாகிவிடாது. பிழை காணும் வினா எழுதும் திறமையின் ஓர் அடையாளம். பள்ளிகள் அந்த அடையாளத்துக்கே பயிற்சி கொடுக்கத் தொடங்கினால் அடையாளமும் பொருளிழந்துபோகும். மாணவர்களுக்குக் கட்டுரை எழுதவே வேலை வராது.

அதே 1966இல் எல்லிஸ் பேஜ் என்பவர் கணிப்பொறியைக் கொண்டே கட்டுரைகளைத் திருத்த முனைந்தார். இவர் முன்பு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். திருத்தும் சுமை என்னவென்று தெரிந்தவர். கணிப்பொறிக்குக் கருத்து புரியாது. ஆகவே அது கட்டுரையின் நீளம், சொற்களின் சராசரி நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை போன்றவற்றை எண்ணியது. அதன் மதிப்பெண்கள் மனிதர் இட்டவற்றோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போயின. இயந்திரம் மனிதரைப் போல் படிக்கிறது என்று இதற்குப் பொருளா, மனிதர் இயந்திரத்தைப் போல் படிக்கிறார் என்று பொருளா? இந்தச் சந்தேகத்துக்கு 2005இல் வலு கிடைத்தது. அந்த ஆண்டு எஸ்.ஏ.டி. என்னும் அமெரிக்க நுழைவுத் தேர்வில் 25 நிமிடக் கட்டுரை சேர்க்கப்பட்டது. இருவர் தனித்தனியே படித்து ஆறுக்கு மதிப்பெண் இட வேண்டும். இருவரும் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் மூன்றாமவரிடம் போகும். நல்ல ஏற்பாடுதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், வாரியம் வெளியிட்ட மாதிரிக் கட்டுரைகளைப் பார்த்துவிட்டு, உள்ளடக்கத்தைப் படிக்காமல் நீளத்தைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம் என்று காட்டினார்.

2016இல் அந்தக் கட்டுரை விரும்பினால் எழுதலாம் என்று ஆனது. 2021இல், சில மாநிலங்களின் பள்ளிநாள் தேர்வு நீங்கலாக, மற்ற இடங்களில் எடுக்கப்பட்டுவிட்டது. 2024இல் அமெரிக்காவில் அந்தத் தேர்வு முழுவதும் கணிப்பொறித் திரைக்கு மாறியது. முன்பெல்லாம் நீண்ட பகுதிகளைப் படித்து, அவற்றின் மேல் வரிசையாகப் பல வினாக்களுக்கு விடை தர வேண்டியிருந்தது. இப்போது வாசிப்புப் பகுதி ஒவ்வொன்றும் 25 முதல் 150 சொற்களுக்குள் அடங்குகிறது. ஒரு பகுதிக்கு ஒரே வினா. நான்கில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.